பெட்டில முட்டையும் இல்ல, புழுவும் இல்ல, ராணி போயிருச்சான்னு எப்படி உறுதி பண்றது?

புதுப்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். நான் தேனீ வளர்ப்புக்கு புதுசு, இந்தியத் தேனீ ரெண்டு பெட்டி வச்சிருக்கேன். ஒரு பெட்டி நல்லா ஓடிட்டு இருக்கு, அடை கட்டுற மரச்சட்டம் எல்லாத்துலயும் ஈ நெறஞ்சு இருக்கு. இன்னொன்னு தான் பிரச்சனை. கொஞ்ச நாளா வாசல்ல நடமாட்டம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, கால்ல மகரந்தம் வச்சுட்டு வர்ற ஈயும் கம்மியாத் தெரிஞ்சுது, அதான் இன்னைக்கு திறந்து ஒவ்வொரு சட்டமா எடுத்துப் பாத்தேன். ராணி கண்ணுல படல. அது பரவால்ல, ஆனா முட்டையே இல்ல. சின்னப் புழு, பெரிய புழு எதுவும் இல்ல. மூடி போட்ட புழு அறை மட்டும் ஒரு சட்டத்துல ரெண்டு பக்கமும் அங்கங்க இருக்கு, அதுல சிலது பொரிஞ்சு வெளிய வந்துட்டு இருக்கு. நடு அடையோட நடுவுல கீழ் நோக்கி தொங்குற மாதிரி ஒரு பெரிய செல் இருந்துச்சு, நிலக்கடலை மாதிரி சொரசொரன்னு, ஆனா நுனி திறந்து காலியா இருக்கு. நடு அடைல நிறைய அறை காலியாத் தான் இருக்கு, உள்ள பளபளன்னு சுத்தமா இருக்கு, தேன் மேல் ஓரத்துல மட்டும் இருக்கு.

கூட்டம் ஓடிறக் கூடாதுன்னு வாசல்ல ராணித் தடுப்பு (வேலைக்கார ஈ மட்டும் நுழையுற அளவு துளை உள்ளது) போட்டு தான் வச்சிருக்கேன், அதனால ராணி வெளிய போயிருக்க வழியே இல்லன்னு நினைக்கிறேன், உள்ளயே செத்திருக்குமா? ஒருத்தர் கிட்ட கேட்டா உடனே புது ராணி வாங்கி விடுன்னு சொல்றாரு, இன்னொருத்தர் நல்லா இருக்குற பெட்டியோட சேத்து விட்ருன்னு சொல்றாரு. எனக்கு இந்தக் கூட்டத்த எப்படியாவது காப்பாத்தணும். என்ன பண்ணலாம்னு சொல்லுங்க, தப்பா எதாவது பண்ணிருவேனோன்னு பயமா இருக்கு.

அடைக்காவல்:

தம்பி, ராணி வாங்கவும் வேணாம், சேக்கவும் வேணாம், இன்னைக்கு எதுவுமே பண்ண வேணாம். பெட்டிய மூடிட்டு இதப் படிங்க.

ராணி கண்ணுல படலங்கிறதும் ராணி இல்லங்கிறதும் வேற வேற விஷயம். நல்லா அனுபவம் உள்ளவங்களே பாதி நேரம் ராணியப் பாக்காம தான் பெட்டிய மூடுவாங்க. நீங்க முட்டையத் தேடினீங்க பாருங்க, அது தான் சரியான வழி. முட்டை இருந்தா கடந்த மூணு நாளுக்குள்ள ராணி அங்க இருந்துச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல ராணியத் தேடி ஈய கலைக்கவே வேணாம். ஆனா முட்டை இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி வெளிச்சம் சரியா இருந்துச்சான்னு யோசிங்க, சூரியன் உங்க தோளுக்குப் பின்னாடி இருக்கணும், அடைய லேசா சாய்ச்சு வெயில் அறையோட அடி வரைக்கும் போற மாதிரி பிடிக்கணும், பழைய கருப்பு அடைல முட்டை தெரியும், புது வெள்ளை அடைல ரொம்ப உத்துப் பாத்தா தான் தெரியும்.

இப்ப கணக்குக்கு வருவோம். முட்டை மூணு நாள், புழு அஞ்சாறு நாள், அதுக்கப்புறம் மூடி போட்டுருவாங்க. உங்ககிட்ட மூடுன அறை மட்டும் தான் இருக்குன்னா கடைசி முட்டை விழுந்து குறைஞ்சது எட்டு நாளாவது ஆயிருக்கு. வேலைக்கார ஈ முட்டைல இருந்து வெளிய வர கிட்டத்தட்ட மூணு வாரம், இந்தியத் தேனீக்கு அதுல ஒன்னு ரெண்டு நாள் கம்மி. இன்னும் மூடுன புழு மிச்சம் இருக்குறதால மூணு வாரம் தாண்டல. அதுக்குள்ள தான் ஏதோ நடந்திருக்கு.

ராணி செத்துப் போனா ஈங்களுக்கு சில மணி நேரத்துலயே தெரிஞ்சுரும், ராணியோட வாசனை பெட்டிக்குள்ள பரவுறது நின்னுரும்ல. உடனே அவங்க சும்மா இருக்க மாட்டாங்க, இருக்குற வேலைக்காரப் புழுல மூணு நாளுக்கு உட்பட்ட பொடிப் புழுவா பாத்து அந்த அறைய பெருசாக்கி இளம் ஈங்க சுரக்குற ராயல் ஜெல்லிய ஊத்தி ராணியா வளத்துருவாங்க. நடு அடைல நீங்க பாத்த செல் அது தான், அவசரத்துக்குக் கட்டுன ராணி செல் அடையோட நடுவுல தான் வரும், கூட்டம் பிரியுறதுக்குக் கட்டுறது பெரும்பாலும் அடையோட கீழ் ஓரத்துல வரிசையா வரும். அதுல ரொம்ப முக்கியமானது அந்த செல்லு எப்படித் திறந்திருக்குங்கிறது. நுனில வட்டமா, மூடியத் திறந்த மாதிரி சுத்தமா வெட்டியிருந்தா உள்ள இருந்து ராணி வெளிய வந்துருச்சு. பக்கவாட்டுல கடிச்ச ஓட்டை இருந்தா, முதல்ல வந்த இன்னொரு ராணி அத உள்ளயே கொன்னுருச்சு. நீங்க நுனி திறந்திருக்குன்னு சொல்றீங்க, எனக்கு அதுவே பாதி பதில்.

மீதி பாதி அந்த பளபளன்னு இருக்குற காலி அறைங்க. ராணியே இல்லாத கூட்டம் நடு அடைல கண்டபடி தேனையும் மகரந்தத்தையும் கொண்டு வந்து நெரப்பிரும், புழுவே இல்லாததால அந்த இடத்த யாரும் காலியா வச்சிருக்க மாட்டாங்க. நடு அடைய சுத்தம் பண்ணி காலியா வச்சிருக்காங்கன்னா முட்டை போடப் போற ஆளு உள்ள இருக்கலாம். உறுதி இல்ல, ஆனா நம்பிக்கையான அறிகுறி.

கன்னி ராணிய, அதாவது இன்னும் ஆண் ஈயோட சேராத ராணிய, கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம், வயிறு இன்னும் நீளாம வேலைக்கார ஈய விடக் கொஞ்சம் பெருசா தான் இருக்கும், அடைல ஓடி ஒளியும். ராணி போன நாள்ல இருந்து புது ராணி வெளிய வர பன்னெண்டு பதிமூணு நாள், அது முதிர்ந்து பறக்கத் தயாராக இன்னும் அஞ்சாறு நாள், அப்புறம் வெயில் அடிச்சு காத்து இல்லாத மத்தியானமாப் பாத்து வெளிய போய் ஆகாசத்துல பல ஆண் ஈங்களோட சேரும், திரும்பி வந்து ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் முட்டை. எல்லாம் ஒழுங்கா நடந்தாலே நாலு வாரம் வரைக்கும் பெட்டில புது முட்டை இருக்காது. இந்த இடைவெளில தான் புதுசா வளர்க்குறவங்க பதறிப் போய் ராணி வாங்கி விடுவாங்க, உள்ள கன்னி ராணி இருக்குறப்ப அந்த வாங்குன ராணிய ஈங்க ஏத்துக்காது, சுத்தி உருண்டையாக் கட்டிக் கொன்னுரும்.

உறுதி பண்ணணும்னா ஒரே வழி. நல்லா இருக்குற பெட்டில இருந்து முட்டையும் பொடிப் புழுவும் உள்ள ஒரு சட்டத்த எடுத்து இதோட நடுவுல வைங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு திறந்து பாருங்க. ராணி செல் கட்ட ஆரம்பிச்சிருந்தா ராணி இல்ல, அவங்களே புது ராணிய வளத்துப்பாங்க. கட்டலன்னா உள்ள ஏதோ ஒரு ராணி இருக்கு. எது நடந்தாலும் அந்த சட்டத்துல இருந்து பொரியுற ஈங்க இந்தக் கூட்டத்துக்கு பலம். அதான் ரெண்டு பெட்டி வச்சு ஆரம்பிக்கச் சொல்றோம், ஒரே பெட்டி வச்சிருந்தா இந்த வழியே உங்களுக்கு இருந்திருக்காது.

நாலாம்சட்டம்:

அக்கா சொல்றதுல பெரும்பாலும் உடன்படுறேன், ஆனா ஒரு விஷயத்துல கவலை இருக்கு. நாலு வாரம் பொறுன்னு சொல்றது இத்தாலியத் தேனீக்கு சரி, இந்தியத் தேனீல வேலைக்கார ஈங்க ரொம்ப சீக்கிரம் முட்டை போட ஆரம்பிச்சிரும். இத்தாலியத் தேனீல புழு எல்லாம் முடிஞ்சு மூணு வாரத்துக்கு மேல ஆனா தான் அது வரும், இதுல ராணி இல்லாமப் போன ரெண்டாவது வாரத்துலயே நான் பாத்திருக்கேன். அப்படி ஆயிருச்சுன்னா அந்தக் கூட்டம் வேற ராணிய ஏத்துக்கவே ஏத்துக்காது, அவங்களப் பொறுத்தவரைக்கும் ராணி இருக்கு.

அது எப்படித் தெரியும்னா ப்ரோ, ஒரே அறைல ரெண்டு மூணு நாலு முட்டைன்னு கிடக்கும், அடில இல்லாம சுவர்ல ஒட்டியிருக்கும், ஏன்னா வேலைக்கார ஈயோட வயிறு குட்டை, அடி வரைக்கும் எட்டாது. அதுங்க ஆண் ஈயோட சேராததால அந்த முட்டை எல்லாம் கருவுறாத முட்டை, ஆண் ஈயா மட்டும் தான் வரும். கருவுறாத முட்டைல இருந்து ஆண் ஈ வரும்ங்கிறத 1845லயே ட்சியர்சோன்னு ஒரு பாதிரியார் எழுதிட்டாரு, தேனீ வளர்ப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு அவரு. சின்ன அறைல ஆண் ஈ வளரும்போது மூடி சமமா இருக்காது, மேல புடைச்சுக்கிட்டு நிக்கும். நம்ம இந்தியத் தேனீல ஆண் ஈ மூடியோட நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும், அதப் பாத்தா சந்தேகமே வேணாம்.

அதனால கூட்டம் ஏற்கனவே சின்னதா ஆயிருச்சுன்னா, மூணு சட்டத்துக்கும் கீழ தான் ஈ இருக்குன்னா, என்னோட கருத்து சேத்து விடுறது தான். சாயங்காலமா நல்ல பெட்டியோட மேல ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு, அதுல ஊசியால ரெண்டு மூணு கீறல் போட்டு, அதுக்கு மேல ராணி இல்லாத பெட்டிய அடிப்பலகை இல்லாம வைங்க. ரெண்டு பக்கமும் பேப்பர கடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாசனை கலந்துரும், சண்டை வராது. ரெண்டு நோஞ்சான் பெட்டி வச்சிருக்குறத விட ஒரு பலமான பெட்டி மேல், பின்னாடி நல்ல சீசன்ல பிரிச்சுக்கலாம்.

அடைக்காவல்:

நீங்க சொல்றது சரி தான், பலவீனமான கூட்டத்த இழுத்துட்டு இருக்கக் கூடாது. ஆனா சேக்குறதுக்கு முன்னாடியும் அந்த முட்டை சட்டம் வச்சுப் பாக்கணும்னு தான் நான் சொல்வேன். உள்ள கன்னி ராணி இருக்குறப்ப தெரியாம சேத்தீங்கன்னா ரெண்டு ராணியும் மோதும், சின்ன வயசு ராணி சுறுசுறுப்பா இருக்கும், நல்லா முட்டை போட்டுட்டு இருக்குற ராணி தான் சாகலாம். ஒரு பெட்டில இருக்குற பிரச்சனை ரெண்டு பெட்டிக்கும் வந்துரும். அதே மாதிரி புழு இருந்தா அதோட வாசனையே வேலைக்கார ஈங்களோட முட்டைப் பைய அடக்கி வைக்கும், அதனால நீங்க பயப்படுற அந்த விஷயத்துக்கும் முட்டை சட்டம் தான் மருந்து.

புதுப்பெட்டி:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி ப்ரோ. அறைல ரெண்டு மூணு முட்டைலாம் இல்ல, எதுவுமே இல்ல. புடைச்ச மூடியும் இல்ல, எல்லாம் சமமா தான் இருக்கு. ஈ நாலு சட்டத்துல இருக்கு, அஞ்சாவதுல கொஞ்சமா. அந்த செல்லு நுனில வட்டமா தான் திறந்திருக்கு, போட்டோ எடுத்தது பெருசாக்கிப் பாத்தேன், பக்கத்துல ஓட்டை இல்ல. நாளைக்கு சட்டம் மாத்துறேன். எப்படி எடுக்கணும்னு கொஞ்சம் விவரமா சொல்ல முடியுமா, நல்ல பெட்டியோட ராணிய தெரியாம தூக்கிட்டு வந்துருவேனோன்னு பயம்.

மழைக்காலஈ:

எல்லாரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. அவரு வாசல்ல ராணித் தடுப்பு போட்டிருக்காரு!! தம்பி அத முதல்ல கழட்டுங்க, இப்பவே. உள்ள கன்னி ராணி இருந்தா அது வெளிய போய் ஆண் ஈயோட சேந்தா தான் முட்டை போட முடியும், பெட்டிக்குள்ள சேராது. தடுப்பு இருந்தா வேலைக்கார ஈ மட்டும் தான் போகும் வரும், ராணி உள்ளயே சுத்திட்டு கிடக்கும், மூணு நாலு வாரம் தாண்டிருச்சுன்னா அதுக்கு சேர்ற பருவமே போயிரும், அப்புறம் ஆண் ஈ முட்டையா போட்டுத் தள்ளும். அந்தத் தடுப்பு புதுசா பிடிச்ச கூட்டம் ஓடாம இருக்க கொஞ்ச நாளைக்கு மட்டும் போடுறது, புழு வளர ஆரம்பிச்சதும் எடுத்துறணும். ஆண் ஈங்களும் அதுல வெளிய போக முடியாம அடைச்சிக்கிட்டு செத்துக் கிடக்கும்.

இன்னொன்னு, ராணி பறக்குற காலத்துல பெட்டிய நகத்தக் கூடாது, பக்கத்துல புதுசா எதையும் வைக்கவும் கூடாது. அது வெளிய போறப்ப பெட்டி இருக்குற இடத்தையும் சுத்தி இருக்குறதையும் மனசுல பதிய வச்சுட்டுப் போகும், திரும்பி வர்றப்ப அடையாளம் மாறியிருந்தா வேற பெட்டிக்குள்ள போய் செத்துப் போகும். மத்தியானம் திறந்து பாக்குறதும் வேணாம். பாக்கணும்னா காலைலயே பாத்து முடிச்சுருங்க.

புதுப்பெட்டி:

ஐயோ இது எனக்குத் தோணவே இல்ல. கழட்டிட்டேன். ரொம்ப ரொம்ப நன்றிங்க.

அடைக்காவல்:

நல்ல வேளை சொன்னீங்க, நானும் அந்த வரிய வேகமாப் படிச்சுட்டுப் போயிட்டேன் போல.

சட்டம் மாத்துறதப் பத்தி. நல்ல பெட்டில முட்டையும் பொடிப் புழுவும் அதிகமா இருக்குற அடையா எடுங்க, முழுக்க மூடுன அடைய எடுத்தா பலம் குடுக்குமே தவிர நமக்கு பதில் குடுக்காது. எடுக்குற முன்னாடி புழு எல்லாம் வெள்ளையா, முத்து மாதிரி மினுமினுப்பா, அறைக்கு அடில சுருண்டு படுத்திருக்கான்னு பாருங்க. நீளமா நிமிர்ந்து தலையத் தூக்கிட்டு, இழுத்தா தண்ணி கட்டின பை மாதிரி வந்தா அது சாக் ப்ரூட் வைரஸ் நோயா இருக்கலாம், அப்படி ஒரு அடை கூட மாத்தக் கூடாது, நோய் இந்தப் பெட்டிக்கும் போயிரும். ராணி அந்த அடைல இருக்கான்னு ரெண்டு பக்கமும் பொறுமையா பாருங்க, பாத்துட்டும் நம்பாதீங்க, அதே பெட்டிக்கு மேலயே பிடிச்சு எல்லா ஈயையும் உதறி விட்ருங்க, மிச்சத்த மெல்லிசா ஒரு ப்ரஷ்ஷால தள்ளி விடுங்க. ரொம்ப பலமா உதறினா பொடிப் புழு இடம் மாறி செத்துப் போகும், ஒரு அளவா போதும். ஈ இல்லாத அடைக்குள்ள புழு குளிராம ஒரு துணியால மூடிக் கொண்டு போய் உடனே வைங்க, மத்த அடைங்களுக்கு நடுவுல. சட்டத்தோட மேல் கட்டைல பேனாவால தேதி எழுதிருங்க, பின்னாடி எந்த அடைனு குழம்ப மாட்டீங்க.

அப்புறம் ஈ உக்காராத காலி அடைங்கள வெளிய எடுத்து வச்சிருங்க, சின்னக் கூட்டத்தால அத்தன அடையையும் காவல் காக்க முடியாது, மெழுகுப் பூச்சி வந்து முட்டை வச்சிரும். வாசலையும் சின்னதாக்குங்க. சர்க்கரையும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்த பாகு குடுக்குறதுனா சாயங்காலம் மட்டும் குடுங்க, பகல்ல சிந்தினா பக்கத்துப் பெட்டி ஈ வந்து கொள்ளையடிச்சிட்டுப் போயிரும், ராணி இல்லாத கூட்டம் அதுக்கு சரியா எதிர்க்காது.

தேன்துளி:

இடைல ஒரு கேள்வி, மன்னிக்கணும். என்கிட்டயும் இதே மாதிரி ராணி இல்லாத இந்தியத் தேனீ பெட்டி இருக்கு, ஆனா இன்னொரு பெட்டி இத்தாலியத் தேனீ. அதுல இருந்து முட்டை சட்டம் எடுத்து வைக்கலாமா?

நாலாம்சட்டம்:

வேணாம்ங்க, ரெண்டும் வேற வேற இனம். அந்த புழுவ இதுங்க வளத்தாலும் வர்ற ராணி இதுங்களுக்கு ஆகாது, ஆண் ஈயும் இனம் மாறி சேந்தா பலன் இல்ல, சேத்து வச்சாலும் கொல்லத் தான் செய்வாங்க. அறை அளவும் வேற, சட்டம் அளவும் வேற. இந்தியத் தேனீ வச்சிருக்குற யார்கிட்டயாவது ஒரு அடை கேட்டு வாங்குங்க, இல்லன்னா சேத்து விடுங்க.

புதுப்பெட்டி:

எல்லாருக்கும் அப்டேட். சட்டம் வச்சு மூணு நாள் கழிச்சு பாத்தேன், ஒரு ராணி செல் கூட கட்டல! புழுவ நல்லா வளத்துட்டு இருந்தாங்க. அக்கா சொன்ன மாதிரி மூடி வச்சுட்டு பொறுமையா இருந்தேன், ரொம்ப கஷ்டமா இருந்துச்சு திறக்காம இருக்குறது. தடுப்ப எடுத்தப்புறம் வாசல்ல நடமாட்டமும் நல்லா ஆச்சு. இன்னைக்கு காலைல திறந்தேன், முட்டை இருக்கு!! ஆனா ஒரு பயம். நடு அடைல பெரும்பாலும் ஒரு அறைல ஒன்னு தான் இருக்கு, அங்கங்க சில அறைல ரெண்டு முட்டை இருக்கு. ராணிய நான் பாக்கல. இது வேலைக்கார ஈ போட்டதா?

அடைக்காவல்:

தம்பி ரொம்ப சந்தோஷம். புதுசா ஆரம்பிக்கிற ராணி முதல் சில நாள் இப்படி அங்கங்க ரெண்டு போடும், பழகினதும் நின்னுரும். முட்டை அறையோட அடில, நடுவுல ஒட்டி நிக்குதா? ஒரே இடத்துல வட்டமா சேந்தாப்ல போட்டிருக்கா? அப்படின்னா ராணி தான். வேலைக்கார ஈ போட்டா சிதறிக் கிடக்கும், சுவர்ல இருக்கும், மகரந்தம் இருக்குற அறைலயும் கூட போட்டு வச்சிருக்கும்.

புதுப்பெட்டி:

ஆமா அக்கா அடில தான் இருக்கு, சேந்தாப்ல தான் இருக்கு, உள்ளங்கை அளவுக்கு.

அடைக்காவல்:

அப்ப முக்கால்வாசி முடிஞ்சுது. ஆனா ராணி சரியா சேந்துச்சான்னு முட்டையப் பாத்து சொல்ல முடியாது, மூடி போடுற வரைக்கும் பொறுக்கணும். இன்னும் ஒன்பது பத்து நாள் விட்டு காலைல திறங்க. மூடி சமமா, தட்டையா இருந்தா வேலைக்கார ஈ வருது, ராணி நல்லா இருக்கு, காலி அடைய ஒவ்வொன்னா திருப்பிக் குடுக்க ஆரம்பிக்கலாம். நாலாம்சட்டம் சொன்ன மாதிரி புடைச்சு, நடுவுல ஓட்டையோட இருந்தா ராணி சேரல, அப்ப அந்த ராணியப் பிடிச்சு எடுத்துட்டு அன்னைக்கே பேப்பர் வச்சு நல்ல பெட்டியோட சேத்துருங்க, அதுக்கப்புறம் ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க. அதுவரைக்கும் பாகு மட்டும் சாயங்காலம் குடுங்க, பெட்டியத் தொடாதீங்க.

மழைக்காலஈ:

நல்ல பெட்டிலயும் தடுப்பு இருந்தா அதையும் கழட்டிருங்க தம்பி.